நீலகிரியில் குடியேறும் முன்: குளிரும் மழையும் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் வழி

சமவெளி வெயிலுக்குத் தப்பி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்தே வேலை, ஓய்வு, பிள்ளைகளின் பள்ளி என்று காரணம் எதுவானாலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் குளிர் நமக்கு ஒத்துக்குமா?" குளிரைக் கூடச் சமாளித்துவிடலாம். ஸ்வெட்டர் இருக்கிறது, கம்பளி இருக்கிறது, கொஞ்ச நாளில் உடம்பு பழகிவிடும். பழகவே பழகாதது ஈரம். வாரக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காத வீடு, காயாத துணி, ஓதம் ஏறிய சுவர், இவைதான் ஆசையோடு வந்தவர்களை முதல் மழைக்காலத்திலேயே மூட்டை கட்ட வைக்கின்றன. நாங்கள் குடும்பத்தோடு குன்னூருக்கு வந்தபோது இதையெல்லாம் விவரமாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. வீடு மாறி, பொருட்கள் பாழாகி, அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. எந்தச் சரிவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் ஒரே வானிலை கிடையாது. நடுவில் தொட்டபெட்டா (2,637 மீட்டர்) மலைத்தொடர் நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பக்கத்தில் மோதி, பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் கோத்தகிரி மழை மறைவில் இருக்கும்; காற்றும் மேகமும் அவ்வப்போது தூறலும்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி, பர்லியாறு பக்கம் அடைமழை. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே "மழை எந்த மாதம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நீங்கள் பார்க்கிற வீடு இருக்கும் இடத்துக்கு எந்த மாதம் என்று கேளுங்கள்.

அப்புறம் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800, கூடலூர் 1,070. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கூடலூரில் குளிர் பெரிதாக இல்லை, ஆனால் மழை உங்களை விடாது. ஊட்டியில் மழை அந்த அளவு இல்லை, குளிர் கடுமை. சமவெளியிலிருந்து முதல்முறை வருகிறவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்கள் கூட வந்தால், கோத்தகிரியையோ குன்னூரின் தாழ்ந்த பகுதிகளையோதான் நான் சொல்வேன். ஊட்டி வேண்டுமென்றால் மூன்றாவது படியைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2. வெப்பநிலை எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

ஊட்டியில் அதிகம் குளிரும் மாதம் எது என்று கேட்டால் எல்லோரும் ஜனவரி என்பார்கள். இரவுக்கு அது சரி. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கம் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆனால் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பளிச்சென்று வெயில் வந்துவிடும். பகலில் 20 டிகிரியைத் தொடும். ஜூலையில் இரவு 11, 12 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆனால் பகலிலும் 16, 17 டிகிரிக்கு மேல் ஏறாது. நாள் முழுக்க மேகம், காற்று, சாரல். வீட்டுக்குள் இரவும் பகலும் ஒரே குளிர். எண்ணில் பார்த்தால் ஜூலை மிதமான மாதம். குடியிருந்து பார்த்தால் அதுதான் கடினமான மாதம்.

எனவே வானிலைத் தகவல் தேடும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, பகலின் உச்ச வெப்பநிலைக்கும் இரவின் குறைந்த வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. அது சிறிதாக இருந்தால் அந்த மாதம் வெயில் இல்லை என்று அர்த்தம். இரண்டாவது, மழை நாட்களின் எண்ணிக்கை. வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அதை மழை நாள் என்று எழுதும். நாள் முழுக்கத் தூறி, துணி காயாமல் போன நாள் அந்தக் கணக்கில் வராமலே போகலாம். மூன்றாவது, காற்றின் ஈரப்பதம். வெளியே 90 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் வீட்டுக்குள் பூசணம் வராமல் காப்பது தனி வேலையாகிவிடும்.

இன்னொன்று. எப்போதும் குளுகுளு என்று எண்ணி வராதீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. பல வீடுகளில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இருக்காது. உயரத்தில் வெயில் தோலைச் சீக்கிரம் கருக்கும். குளிர்ந்த காற்று அடிப்பதால் அது உறைக்காது.

3. மோசமான மாதத்தில் வந்து தங்கிப் பாருங்கள்

மே மாதம் வந்து பார்த்துவிட்டு மனதைப் பறிகொடுப்பதுதான் எல்லோரும் விழும் குழி. மேற்குப் பக்கமோ ஊட்டியோ என்றால் ஜூலை இரண்டாம் பாதியில் வாருங்கள். குன்னூர், கோத்தகிரி என்றால் நவம்பர். முடிந்தால் ஜனவரியில் ஒரு வார இறுதியும் தங்கிப் பாருங்கள்.

குறைந்தது பத்து நாள் தங்க வேண்டும். சமையலறை உள்ள ஹோம்ஸ்டே அல்லது காட்டேஜ் பிடியுங்கள். சீசன் இல்லாத மாதம் என்பதால், மொத்தமாகப் பத்து நாள் என்று சொன்னால் தினசரி வாடகையைக் கணிசமாகக் குறைப்பார்கள். பேரம் பேசத் தயங்க வேண்டாம். ஓட்டலில் தங்கினால் பயன் இல்லை. அங்கே துணியை அவர்கள் துவைத்துத் தருவார்கள், கேட்டதும் ஹீட்டர் வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும்.

தங்கும் நாட்களில் செய்ய வேண்டியவை:

ஒரு ஜீன்ஸும் ஒரு தடித்த துண்டும் துவைத்து வீட்டுக்குள் காயப் போடுங்கள். எத்தனை நாளில் காய்கிறது, காய்ந்த பிறகு மக்கல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். சில நூறு ரூபாய்தான். ஜன்னல் சாத்திய அறையில் அது 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் அலமாரிக்குள் என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இட்லி மாவு அரைத்து வையுங்கள். சென்னையில் ராத்திரி அரைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மாவு, இங்கே மறுநாள் மாலைவரை அசையாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும், குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அதைவிட முக்கியம், உங்கள் மனநிலை. சூரியனையே பார்க்காத ஐந்தாவது நாள் மதியம் எப்படி இருக்கிறது என்று நேர்மையாகக் கவனியுங்கள். சிலர் அந்த மூட்டத்தில் நிம்மதியாக வேலை செய்வார்கள், நன்றாகத் தூங்குவார்கள். சிலருக்கு எழுந்திருக்கவே பிடிக்காது. இதில் குறை ஒன்றும் இல்லை, அவரவர் உடம்பு வாகு. கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகத் தங்கள் பதிலை எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குப் பிடிக்காமல் திரும்பிய குடும்பங்களை நான் அறிவேன்.

4. வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள்

எங்கள் தெருவில், தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா இருக்கிறார். வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவர் சொல்வது இதுதான்: "முன்னாடி நின்னு வியூ பார்க்காதீங்க கண்ணு, பின்னாடி போய் மண்ணைப் பாருங்க." இந்த மலையில் அதைவிட நல்ல அறிவுரை இல்லை.

இங்கே பெரும்பாலான வீடுகள் சரிவை வெட்டிச் சமன்படுத்திய துண்டு நிலத்தில் நிற்கின்றன. பின்சுவருக்குப் பின்னால் மண்மேடு இருக்கும். மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவு இடைவெளியும் அதில் தண்ணீர் ஓடக் கால்வாயும் இருந்தால் நல்லது. மண் நேராகச் சுவரில் சாய்ந்திருந்தால் அந்த அறை ஆறு மாதம் ஓதமாகவே இருக்கும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைத்துப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். துளையே இல்லாத தடுப்புச் சுவர் ஆபத்தானது. பின்னால் தேங்கும் நீரின் பாரம் அதைத் தள்ளிவிடும். சுவர் வயிறு தள்ளி நின்றால் அந்த வீடு வேண்டாம். மாவட்ட நிர்வாகம் பேரிடர் அபாயம் உள்ளவை என்று 283 இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள்.

உள்ளே போனதும் பின்பக்க அறைச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் உள்ளங்கையை வையுங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் ஓதம். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறதா, அலமாரியின் பின்பலகையில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா, கட்டில் மெத்தையின் அடிப்பக்கம் எப்படி என்று புரட்டிப் பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு: நேற்று அடித்ததுபோல் புத்தம்புது பெயின்ட். மழைக்காலம் முடிந்ததும் பூசணத்தின் மேலேயே வண்ணம் அடித்து மறைப்பது நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் முன்பு குடியிருந்தவர் யார் என்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெயில் எப்போது விழுகிறது என்பது அடுத்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். வடக்குச் சரிவில், தெற்கே உயர்ந்த மேடோ யூகலிப்டஸ் தோப்போ இருக்கும் வீட்டுக்கு டிசம்பரில் வெயில் மதியத்தோடு முடிந்துவிடலாம். பிற்பகலில் மேகம் ஏறிவருவது இங்கே வழக்கம் என்பதால், காலை வெயில் விழும் கிழக்குமுக வீட்டுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஊட்டி பக்கம் மேற்கு, தென்மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் இருந்தால் ஜூலைச் சாரல் சட்ட இடுக்கு வழியாக உள்ளே வரும். பள்ளத்தின் அடியில் உள்ள வீட்டைவிடச் சரிவின் நடுவில் உள்ள வீடு இரவில் கதகதப்பு. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும்.

கூரையையும் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே பலகைத் தளம் இல்லையென்றால் மழையில் போனில் பேசவே முடியாது. வீட்டின் மேல் சாயக்கூடிய பெரிய மரம் ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். ஜூன், ஜூலை காற்றில் மரம் விழுவதும் மின்சாரம் போவதும் இங்கே சாதாரணம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இன்வெர்ட்டர் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. வீட்டில் இருப்பவர்களின் உடம்பு

ஆஸ்துமா, சைனஸ், மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரிடம் "ஊட்டிக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உயரம் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு, பூசணம் வர வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர் மட்டுமல்ல, பூசணமும் தொந்தரவு கொடுக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. படி ஏறினால் முதல் வாரம் மூச்சு வாங்கும்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இருந்தாலும் சில சிகிச்சைகளுக்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும், மூன்று மணி நேரம் ஆகும். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மரமோ பாறையோ விழுந்தால் அதுவும் நிச்சயமில்லை. தினசரி மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வைத்திருங்கள்.

6. குளிருக்கும் ஈரத்துக்கும் மாதம் எவ்வளவு ஆகும்

வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும். 2,000 வாட் ஹீட்டரை தினமும் நான்கு மணி நேரம் போட்டால் 8 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட். கீசர் தினமும் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு இன்னொரு 120. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு மலிவு விலை உண்டு. 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகையும் போய், மேலே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். ஆகவே அறையைச் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது லாபம். மின்கம்பளி 100 வாட் அளவில்தான் இழுக்கும். தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் போட்டு அணைத்துவிட்டால் போதும்.

ஈரத்துக்கு ஹீட்டரைவிட ஈரமுறிஞ்சி இயந்திரம் நல்லது. இருக்கும் அறைக்கு ஏற்ற அளவில் வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். எனக்கு இந்த மலையில் மிகப் பயன்பட்ட பொருள் அதுதான். எட்டு மணி நேரம் ஓடி நின்றதும் அதன் தொட்டியில் தளும்பும் தண்ணீரைப் பார்த்தால், இதெல்லாம் நம் மெத்தையிலும் துணியிலும் இருந்தது என்று புரியும். பட்டுப் புடவை, தோல் செருப்பு, கேமரா லென்ஸ், சான்றிதழ் கோப்பு நான்கையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாக்களில் வைத்து விடுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழை லேமினேட் செய்துவிட்டால் பத்திரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். ஓரம் பிரிந்தால் உள்ளேயும் பூசணம் வரும்.

ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் கரி அடுப்போ கணப்புச் சட்டியோ வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். புகைபோக்கி உள்ள கணப்பு என்றாலும், அது அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகே மூட்டுங்கள்.

7. ஆவணங்கள்

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஓதம், கூரை ஒழுகல், தடுப்புச் சுவர் ஆகியவற்றைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, சீசன் மாதங்களில் வீட்டைக் காலி செய்யக் கேட்கக் கூடாது. ஏப்ரல், மேயில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்பதால் இரண்டாவது வரி அவசியம். குடிபுகும் நாளில் எல்லாச் சுவர்களையும் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பூசணத்துக்காக முன்பணத்தில் கைவைப்பதை அது தடுக்கும்.

வீட்டுக்காரர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது, வீட்டுவரி ரசீது இரண்டின் நகலையும் கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இது கூடுதல் அவசியம். அங்கே 'செக்‌ஷன் 17' (ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு) என்று சொல்லப்படும் வழக்கில் உள்ள நிலங்களில் பட்டாவும் மின் இணைப்பும் சிக்கலாக இருக்கும்.

வண்டிக்கு இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு இது வேண்டும். டி.என். 43 பதிவு எண்ணுக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. உங்கள் வண்டி வேறு மாவட்டப் பதிவு என்றால், பதிவு செய்த ஒப்பந்தத்தையும் ஆதாரையும் வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளூர் பாஸ் கேட்டு விண்ணப்பியுங்கள். உங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் நிறுத்திக் கேட்பார்கள்.

எரிவாயு இணைப்பை மாற்ற, பழைய ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி வாருங்கள். வெந்நீருக்கும் சமையலுக்கும் இங்கே சிலிண்டர் சீக்கிரம் தீரும் என்பதால் இரண்டு சிலிண்டர் இணைப்பாக வாங்குவது நல்லது.

8. எந்த மாதம் குடிவருவது

பிப்ரவரி அல்லது மார்ச். உறைபனி பெரும்பாலும் முடிந்திருக்கும், சாலை காய்ந்திருக்கும், சீசன் கூட்டம் தொடங்கியிருக்காது. சாமான் லாரிக்காரர்களும் மழை மாதங்களைவிட எளிதாகக் கிடைப்பார்கள். மரச்சாமான்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே போடுங்கள். மெத்தையைத் தரையில் போடவே வேண்டாம். பிளைவுட் அலமாரியை ஏற்றிக்கொண்டு வருவதைவிடக் கீழேயே விற்றுவிட்டு வாருங்கள். இரண்டு மழைக்காலத்தில் அது உப்பிப் பிரிந்துவிடும். பதினொரு மாத ஒப்பந்தமாகவே போடுங்கள். மார்ச்சில் கையெழுத்திட்டால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பனிக்காலமும் அதற்குள் வந்துபோகும். அதன் பிறகு புதுப்பிப்பதா, வேறு சரிவுக்கு மாறுவதா, இறங்குவதா என்பதை ஜனவரியில் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்ல அப்போதுதான் அவகாசம் இருக்கும்.